ஆம்புலன்ஸ் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அண்ணாச்சி, பாப்பா பிளஸ் டூ பயாலஜி முடித்துவிட்டு, விபத்து மற்றும் அவசர சிகிச்சை பி.எஸ்சி.தான் வேண்டும் என்று நிற்கிறாள். நீங்கள் நிபா வைரஸ் காய்ச்சலைச் சொல்லித் தடுக்கிறீர்கள். செங்கோட்டைக்காரருக்கு அந்தப் பயம் வராமல் இருக்குமா? கேரளாவில் நிபா என்று செய்தி வந்தாலே புளியரை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கிறார்கள். 2018-இல் பேராம்பிரா நர்ஸ் லினி, நோயாளியைக் கவனித்து அதே நிபாவில் இறந்ததும் உங்கள் மனதில் இருக்கும்.

அந்த முறை பெரும்பாலானவர்களுக்குத் தொற்றியது மருத்துவமனைகளுக்குள்தான். இன்ன நோய் என்று தெரிவதற்குள் பரவிவிட்டது. அதனால்தான் எந்த நோயாளி வந்தாலும், நோய் என்னவென்று தெரியாவிட்டாலும், ரத்தத்தையும் சளியையும் தொற்றுள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும் என்று முதல் வருடமே பழக்குகிறார்கள்.

ஆனால் நிபா எப்போதாவது வருவது. ஊசி தினமும் கையில் இருப்பது. கோட்டைவாசல் எஸ் வளைவில் ஆம்புலன்ஸ் திரும்பும்போது, போட்டு முடித்த ஊசிக்கு மூடி மாட்டப் போனால் அது விரலில்தான் ஏறும். மூடியே மாட்டக் கூடாது, நேராக ஊசி டப்பாவில் போட வேண்டும். அப்படிக் குத்தியது எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியாக இருந்தால், தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அப்படியில்லை: அது உள்ளவரின் ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. நல்லவேளை, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பு சக்தியின் அளவு 10-க்குக் (mIU/mL) குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார்டுக்கு அனுப்பும் முன் கல்லூரியே போட்டுவிடும் என்று காத்திருக்காமல் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

அப்படியும் குத்திவிட்டால்? பிழியக் கூடாது, வாயில் வைக்கவே கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே மேலே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சீனியர் திட்டுவாரே என்று மறைத்துவிடுகிறார்கள்.

ஆகவே அட்மிஷனுக்குப் போகும்போது கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் கேட்டபிறகு இதையும் கேளுங்கள்: ‘ராத்திரி ரெண்டு மணிக்கு என் மகளுக்கு ஊசி குத்தினால் யாரைக் கூப்பிட வேண்டும், மருந்து எங்கே இருக்கிறது?’ ஆளையும் இடத்தையும் சட்டென்று சொன்னால் சரி. ‘அதெல்லாம் இங்கே நடக்காது சார்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவ ஊழியர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி நிர்வாகத்தின் கடமை. கூச்சப்படாமல் கேட்கலாம்.

கொல்லம், திருவனந்தபுரம் பக்கம் சேர்த்தாலும் இதே கேள்விதான். முடிந்தால் கேஷுவாலிட்டியை எட்டிப் பாருங்கள். வெள்ளை ஊசி டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? முக்கால்வாசி நிறைந்ததுமே மாற்ற வேண்டிய டப்பாவில் ஊசிகள் வாய்வரை துருத்திக்கொண்டிருந்தால், எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் வேறு கல்லூரி பார்ப்போம்.