டாக்டரிடம் எப்படிச் சொல்வது? எச்.ஐ.வி. தடுப்பு கேள்வி பதில்

எச்.ஐ.வி. ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மொழி, மதம், பாலினம், பாலீர்ப்பு என ஏதோ ஒரு வகையில் சிறுபான்மையாக இருப்பவர்கள் டாக்டரிடம் பேசத் தயங்குவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முந்தாநாள் ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. குடும்ப டாக்டர் எங்கள் சமூகத்துக்காரர், அவரிடம் போகப் பயமாக இருக்கிறது.

அவரிடம் போக வேண்டாம், ஆனால் இப்போதே கிளம்புங்கள். ஏதாவது பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் "எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பிருக்கிறது, பெப் மருந்து வேண்டும்" என்று சொல்லுங்கள். வைரஸ் உடலுக்குள் போயிருக்கலாம் என்ற நிலையில், தொற்று பிடிக்காமல் தடுக்கச் சாப்பிடும் மருந்துதான் பெப். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அப்புறம் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

அக்கா, எனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு. டாக்டர் "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்றார். இல்லை என்றதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நானாக எப்படி ஆரம்பிப்பது?

தம்பி, கல்யாணம் ஆனதா என்று கேட்டால் டாக்டருக்கு ஒன்றுமே தெரியவராது. நீங்கள் யார் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. நடப்பதை மட்டும் சொல்லுங்கள்: "நான் ஆண்களோடு உறவு வைத்துக்கொள்கிறேன். எல்லா நேரமும் ஆணுறை போடுவதில்லை. என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்?" உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது கதவருகில் நின்று சொன்னால், அவர் கவனம் அடுத்த நோயாளியிடம் போயிருக்கும். வாய் வரவில்லையா, ஃபோனில் எழுதிக் காட்டுங்கள். தப்பே இல்லை.

சொல்லாமல் விட்டால் பரிசோதனையே தவறிப்போகும். கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினை நோய்கள் தொண்டையிலும் ஆசனவாயிலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். சிறுநீரை மட்டும் சோதித்தால் அது தெரியாது. அந்தந்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கே எடுப்பது என்று டாக்டரால் ஊகிக்க முடியாது.

பிரெப் மாத்திரை கேட்டதற்கு "ஒழுங்காக இருந்தால் அது எதற்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள வந்தவருக்குச் சொல்கிற பதிலா அது? எச்.ஐ.வி. இல்லாதவர்கள் முன்கூட்டியே சாப்பிடுகிற தடுப்பு மருந்துதான் பிரெப். அமெரிக்காவில் 2012-ல் அனுமதி கிடைத்தது. தொற்றும் ஆபத்து கணிசமாக உள்ள எவருக்கும் கொடுக்கலாம் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. சொன்னபடி சாப்பிட்டால் உறவு வழியாகத் தொற்றும் ஆபத்து சுமார் 99 சதவீதம் குறையும்.

அடுத்த முறை இப்படிக் கேளுங்கள்: "எனக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறதா?" ஏற்கெனவே எச்.ஐ.வி. இருப்பது, சிறுநீரகக் கோளாறு, இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஹெபடைட்டிஸ் பி இருந்தால் மருந்தை நிறுத்தும்போது ஈரல் பாதிக்கலாம், அதனால் அதையும் சோதிப்பார்கள். இப்படி எதுவும் சொல்லாமல் மறுத்தால், டாக்டரை மாற்றிவிடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், பிரெப் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயைத் தடுக்காது.

நான் திருநங்கை. ஹார்மோன் எடுக்கிறேன். பிரெப் அதைக் கெடுக்குமா?

கெடுக்காது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்கள் தினமும் ஒரு மாத்திரை என்ற முறையில்தான் சாப்பிட வேண்டும். உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் சாப்பிடும் முறை உங்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. ஹார்மோன் விஷயத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அம்மாவுக்கு டாக்டர் பேசும் மொழி தெரியாது. மகன் நான்தான் மொழிபெயர்க்கிறேன். உறவு, எச்.ஐ.வி. பற்றியெல்லாம் எப்படிக் கேட்பது?

நீங்கள் கேட்க வேண்டாம், வெளியே உட்காருங்கள். மகன் காதில் விழும்படி எந்த அம்மா இதைப் பேசுவார்? கணவர் மொழிபெயர்த்தாலும் சிக்கல்தான், வீட்டில் வன்முறை இருந்தால் அது வெளியே வரவே வராது. மருத்துவமனையிடம் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உங்கள் மொழிக்காரர்கள் அங்கே கொஞ்சம் பேர்தான் என்றால், வருபவர் தெரிந்தவராக இருந்துவிடலாம். அதற்கு ஃபோன் வழி மொழிபெயர்ப்பு மேல். அம்மாவின் பெயரைச் சொல்லாமலே பேசலாம்.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டாக்டர். வேறு மதத்து நோயாளிகளிடம் உறவு பற்றிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?

ஆளைப் பார்த்துச் சிலரிடம் மட்டும் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும், நியாயமான கோபம். "எல்லோரிடமும் கேட்பதுதான், உங்களிடமும் கேட்கலாமா?" என்று அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள். கணவர், மனைவி என்று முடிவுகட்டாமல் துணை என்று சொல்லுங்கள். ஆணா, பெண்ணா, இருவருமா, எந்த வகை உறவு, ஆணுறை உண்டா என்று நேராகக் கேளுங்கள். "ஏன்" என்று மட்டும் கேட்காதீர்கள், அது விசாரணை ஆகிவிடும்.

துணைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று யாராவது சொன்னால் முகம் மாறாதீர்கள். அந்தத் துணை சிகிச்சையில் இருந்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால் உறவு வழியாகத் தொற்றாது. இதை நோயாளிக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "மாத்திரையை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள்.