கத்திக்குப் பிடி போடுவது பற்றிச் சில கேள்விகள்

திருப்பாச்சேத்தியில் அடித்து வாங்கிய காய்கறிக் கத்தி. கொஞ்ச நாளிலேயே பிடி ஆடுகிறது. இடுக்கில் அரால்டைட் ஊற்றினால் நிற்குமா? (மேலூர்)

நிற்காது. சிங்க்கில் ஊறும்போது மரம் உப்பி வாலோடு (பிடிக்குள் இறங்கும் இரும்பு முனை) நெரிபடும், காய்ந்ததும் நெரிந்த இடம் இடைவெளியாக நிற்கும், அதற்குள் அடுத்த தண்ணீர் இறங்கி வாலைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தத் துருவின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. பிடியைக் கழற்றி, வாலை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, நன்றாகக் காய்ந்த புதுக் கட்டையில் பசை விட்டுப் போடுங்கள். ஒரு ராத்திரி முழுக்க அசைக்கக் கூடாது. அப்புறம் கத்தியை ஊறவைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், பாதிப் பிடிகள் போவது அதனால்தான்.

வாலைக் காய்ச்சி மரத்தில் இறக்கலாமா? (உசிலம்பட்டி)

தாராளமாக. ஆனால் முதலில் வாலைவிடச் சிறிய துளை போட்டுக்கொள்ளுங்கள். அலகில் ஈரச்சாக்கைச் சுற்றி, வாலின் நுனியை மட்டும் காய்ச்ச வேண்டும். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி என்றால் இன்னும் கவனம்: சூடு ஏறி வெட்டும் பக்கம் நீலம் பாய்ந்துவிட்டால் பதம், அதாவது பட்டறையில் காய்ச்சி ஏற்றிய கடினம், போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது, திரும்பப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

தேக்கு நல்லதா? (திருமங்கலம்)

நல்லதுதான், ஆனால் அதில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, ஒட்டுமுன் தின்னரால் துடைக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஊரே திட்டுகிற சீமைக் கருவேலத்தின் வைரப்பகுதி போதும். கெட்டி, காயும்போது அதிகம் சுருங்காது, விறகுக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் பச்சைக் கட்டையை மட்டும் வாங்காதீர்கள், பிடி போட்ட பிறகு வெடிக்கும்.

இருபக்கமும் பலகை வைத்துப் பித்தளை ரிவிட் அடித்தால் மரம் பிளக்கிறது. (மதுரை)

துளை இறுக்கமாக இருக்கும், இல்லையென்றால் பலகை ஓரத்துக்கு ரொம்பப் பக்கம். துளையைக் கம்பி தாராளமாக நுழையும் அளவுக்குப் போட்டு, பசை இறுகிய பிறகு லேசாகத் தட்டினால் போதும், பலகையைப் பிடித்து நிறுத்துவது பாதிக்குமேல் பசைதான். இரும்பில் துளையிடுவதைப் பதம் போடும் முன்பே கொல்லரிடம் சொல்லிவிடுங்கள், பதம் போட்ட இரும்பில் சாதாரண டிரில் இறங்காது.

கடைசியில் தேங்காய் எண்ணெய் பூசலாமா? (சோழவந்தான்)

அது காயாது, பிசுக்குத்தான் மிஞ்சும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாகும். மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, நாலைந்து நாள் விட்டு மறுபடி பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும், வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.