படிப்பு வந்தால் போய்விடுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். 2021 டிசம்பரில் பாகிஸ்தானின் சியால்கோட்டில், இலங்கையைச் சேர்ந்த தொழிற்சாலை மேலாளர் ஒருவர் மத வாசகம் இருந்த ஸ்டிக்கரைக் கிழித்தார் என்று சொல்லி அங்கே வேலை பார்த்தவர்களே அவரை அடித்துக் கொன்று எரித்தார்கள். என்னைப் போன்ற வேலையில் இருந்தவர் என்பதால் அந்தச் செய்தி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மத அடிப்படைவாதம் வறுமையாலும் படிப்பறிவில்லாமையாலும் வருவது, பள்ளிக்கூடங்கள் பெருகினால் தானாகக் குறைந்துவிடும் என்பது என் எண்ணம். அங்கே மதக் கட்சிகள் தேர்தலில் பெரிதாக ஜெயிப்பதும் இல்லை. அப்படியிருக்க, மத அடிப்படைவாதம் ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று நீங்கள் எழுதியது மிகையோ என்று தோன்றுகிறது.

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

உங்கள் எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே பாகிஸ்தானில் நடந்த இன்னொரு கொலை அதை ஏற்கவிடாமல் தடுக்கிறது.

2017 ஏப்ரல் 13 அன்று மர்தான் நகரப் பல்கலைக்கழகத்தில் மஷால் கான் என்ற இதழியல் மாணவனை, மதநிந்தனை செய்தான் என்று சொல்லி சக மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்து கொன்றார்கள். கொன்றவர்கள் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயரே மதச்சார்பற்ற அரசியல்வாதியான அப்துல் வலி கானுடையது. மதநிந்தனைக்கு ஆதாரம் எதுவும் இல்லை, இது முன்கூட்டியே திட்டமிட்ட கொலை என்று கூட்டு விசாரணைக் குழு சொன்னது. மஷால் என்னதான் செய்தான்? துணைவேந்தர் நியமிக்கப்படாமல் இருப்பதையும் நிர்வாகத்தின் முறைகேடுகளையும் வெளிப்படையாகக் கேள்வி கேட்டான். அவன் வாயை அடைக்க நினைத்தவர்களில் பல்கலைக்கழக ஊழியர்களும், மதச்சார்பற்ற கட்சி ஒன்றின் மாணவர் பிரிவுத் தலைவரும் இருந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது. அவர்களுக்கு மதப்பற்று பெரிதாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிராளியை ஒழிக்க அந்த நாட்டில் சுலபமாகக் கைக்குக் கிடைக்கும் ஆயுதம் மதநிந்தனைப் பழி, எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆயுதம் கைக்கெட்டும் இடத்தில் எப்படி வந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

1970 தேர்தலில் ஜமாத்-இ-இஸ்லாமி என்ற மதக் கட்சிக்குக் கிடைத்தவை 300 இடங்களில் வெறும் 4. மேற்குப் பாகிஸ்தானில் மக்கள் ரொட்டி, துணி, வீடு என்ற மக்கள் கட்சித் தலைவர் பூட்டோவின் முழக்கத்துக்கு வாக்களித்தார்கள். அதாவது, தங்கள் குறைகளைக் கூலி, நிலம், வாடகை என்ற மொழியில் பேச அவர்களுக்குத் தெரிந்திருந்தது, பேச இடமும் இருந்தது. 1977-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி ஜியா உல் ஹக் அந்த இடங்களை ஒவ்வொன்றாக மூடினார். 1978 ஜனவரியில் முல்தானில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 1984 பிப்ரவரியில் மாணவர் சங்கங்களுக்குத் தடை வந்தது. கட்சிகளும் தடைசெய்யப்பட்டிருந்தன. ஆட்கள் கூடிப் பேசவும், வெளியூர்க்காரர்களோடு சேர்ந்து ஓர் அமைப்பாக நிற்கவும் பள்ளிவாசலும் மதரஸாவும்தான் மிஞ்சின. 1980-இல் வங்கிக் கணக்குகளிலிருந்து கட்டாயமாகப் பிடிக்கத் தொடங்கிய ஜகாத் என்ற மதக் கொடைப் பணத்தில் ஒரு பகுதியும் மதரஸாக்களுக்குப் போனது. ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு அங்கே சாப்பாடும் தங்க இடமும் இலவசம். எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

வறுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வறுமையை மட்டும் பார்த்தால் ஜங் நகரம் நமக்குப் புரியாது. பஞ்சாபின் அந்த மாவட்டத்தில் பெருநிலக்கிழார்கள் பலர் இஸ்லாத்தின் சிறுபான்மைப் பிரிவான ஷியாக்கள். 1947-இல் கிழக்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்த, பெரும்பான்மைப் பிரிவான சுன்னிகள் நகரத்தில் கடை வைத்துக் காசு பார்த்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஆனால் அரசியல் மட்டும் நிலக்கிழார் குடும்பங்களைவிட்டு வெளியே வரவில்லை. 1985-இல் ஹக் நவாஸ் ஜங்வி அங்கே சிபா-இ-சஹாபா அமைப்பைத் தொடங்கியபோது, கடைத்தெருக்காரர்களின் அந்த ஆத்திரத்துக்கு ஷியா வெறுப்பு என்று ஒரு பெயர் கிடைத்தது. அப்புறம் பல ஆண்டுகள் ரத்தம்தான். இதில் என்னைப் பதறவைப்பது, நிலக்கிழார்களுக்கு இதனால் நிலம் எதுவும் போகவில்லை என்பது. சொல்லப்போனால், நில உச்சவரம்பு இஸ்லாத்துக்கு விரோதமானது என்று 1989-இல் உச்ச நீதிமன்றத்தில் மதச் சட்டத்தைப் பார்க்கும் ஷரியத் அமர்வே தீர்ப்பளித்தது.

சரி, தேர்தலுக்கு வருவோம். நீங்கள் சொல்வது உண்மை. மதக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து கூட்டணி அமைத்த 2002-இல்கூட அவர்களுக்குக் கிடைத்தது 12 சதவீத அளவு வாக்குகள்தான். ஆனால் தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொள்ளும் அஹ்மதியா பிரிவினர் முஸ்லிம்கள் அல்லர் என்று 1974-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியது எந்த மதக் கட்சி? திருத்தியது பூட்டோவின் அரசு. எதிர்ப்பு வலுத்தபோது, 1977-இல் மதுவைத் தடைசெய்து வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கியதும் அவர்தான். கேட்டதைக் கொடுத்தால் மதவாதிகள் அடங்குவார்கள் என்று நினைத்தார். அவர்கள் அடங்கவில்லை. ராணுவம் வந்தது, 1979-இல் அவரையே தூக்கிலிட்டது.

ஓட்டே வாங்காமல் நாட்டின் சட்டத்தைத் தீர்மானிக்க முடிகிறதே, அதைத்தான் நான் ஆபத்து என்கிறேன். 2011 ஜனவரி 4 அன்று, மதநிந்தனைச் சட்டத்தை விமர்சித்ததற்காகப் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். கொலையாளி நீதிமன்றத்துக்கு வந்தபோது ரோஜா இதழ்களைத் தூவி வரவேற்றவர்கள் வழக்கறிஞர்கள். தலைமை நீதிபதியை மீண்டும் பதவியில் அமர்த்தச் சில ஆண்டுகளுக்கு முன் ராணுவ ஆட்சியாளர் முஷாரஃபை எதிர்த்துத் தெருவில் நின்ற அதே வழக்கறிஞர் சமூகம். படிப்பும் இருந்தது, ஜனநாயகப் போராட்ட அனுபவமும் இருந்தது. அதன்பிறகு எந்த ஆட்சியும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தத் துணியவில்லை. நாடாளுமன்றம் இருக்கிறது, உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஒரு விஷயத்தை மட்டும் பேச முடியாது.

இது இஸ்லாத்துக்கு மட்டும் உரியது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இலங்கையில் பண்டாரநாயக்க 1956-இல் பிக்குகளின் துணையோடு ஆட்சிக்கு வந்தார். தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தை 1958-இல் அதே பிக்குகளின் நெருக்குதலில் கைவிட்டார். 1959-இல் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்குப் பலியானார்.

பள்ளிக்கூடங்கள் வேண்டும். அவற்றோடு, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும் இடத்தில் சங்கமும், கல்லூரியில் மாணவர் தேர்தலும் வேண்டும். இதைச் சொல்பவர்களை அந்த அரசு எப்படி நடத்துகிறது என்றும் பாருங்கள். 2017 நவம்பரில் தெஹ்ரீக்-இ-லப்பைக் என்ற மதக் கட்சியினர் இஸ்லாமாபாத்துக்குள் நுழையும் சாலையை வாரக்கணக்கில் மறித்தார்கள். அவர்கள் கேட்டபடி சட்ட அமைச்சர் ராஜினாமா செய்தார். மறித்தவர்களுக்கு ராணுவ அதிகாரி ஒருவர் பணம் வைத்த உறைகளைக் கொடுத்ததைக் காணொளியில் நாடே பார்த்தது. 2019 நவம்பரில் மாணவர்கள் பல நகரங்களில் அமைதியாக ஊர்வலம் போனார்கள், மாணவர் சங்கங்களைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டு. லாகூர் போலீஸ் அவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது. அந்த வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர், கொல்லப்பட்ட மஷால் கானின் தந்தை இக்பால்.