தறிகெட்டு ஓடும் எலக்ட்ரான்கள்

கேள்வி: டோகமாக் என்ற வளைய வடிவ அணுக்கரு இணைவு உலையில் 15 கோடி டிகிரி சூடு என்கிறார்கள். அதையே சமாளிக்கும் உலைக்கு, எலக்ட்ரான்கள் 'தறிகெட்டு ஓடுவது' பெரிய ஆபத்து என்று படித்தேன். எப்படி?

பதில்: அந்தச் சூட்டைச் சுவர் தாங்குவதில்லை, காந்தப்புலம்தான் பிளாஸ்மாவை (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் சூடான வாயு) சுவரில் படாமல் அந்தரத்தில் பிடித்து வைத்திருக்கிறது. சிக்கல் அந்தப் பிடி நழுவும்போது வருகிறது. பைக்கில் வேகம் கூட்டினால் எதிர்காற்றும் கூடும் இல்லையா, பிளாஸ்மாவில் வேகமான எலக்ட்ரானுக்கு நேர்மாறு: வேகம் கூடக் கூட மற்ற துகள்கள் அதைப் பிடித்து இழுக்க நேரமே கிடைக்காது, தடை குறைந்துகொண்டே போகும். அதனால் மின்புலம் ஓர் அளவைத் தாண்டினால் சில எலக்ட்ரான்கள் கட்டறுத்த மாடு மாதிரி ஓட ஆரம்பித்து, ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். இயற்பியலாளர் ஹாரி டிரைசர் 1959-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பிளாஸ்மா நிலைகுலைந்தால் சில மில்லி நொடிகளில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த பிளாஸ்மாவில் மின்தடை அதிகம், ஆனால் அதில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது, அதைத் தொடர்ந்து ஓடவைக்க பெரிய மின்புலம் தானாக எழும். அப்புறம் ஓடும் ஒவ்வொரு எலக்ட்ரானும் இன்னொன்றை முட்டித் தள்ளி ஓடவைக்கும், எண்ணிக்கை மளமளவென்று பெருகும். பிரான்சில் கட்டப்படும் ஐடர் உலையில் ஓடப்போவது 1.5 கோடி ஆம்பியர். அதில் பெரும்பகுதி இந்த எலக்ட்ரான்கள் கைக்குப் போய், அவை மொத்தமாக ஓரிடத்தில் பாய்ந்தால் டங்ஸ்டன் சுவரே உருகும்.

கேள்வி: பிளாஸ்மா அலைகள் இவற்றைத் தடுக்குமாமே?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, ஏனென்றால் அந்த அலையைக் கிளப்புவதே இந்த எலக்ட்ரான்கள்தான். அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள டிஐஐஐ-டி டோகமாக்கில் 'விசிலர்' வகை அலைகளை 100 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரையில் நேரடியாகப் பதிவு செய்து, 2018-இல் வெளியிட்டார்கள். (மின்னலில் பிறந்து பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு போகும் அலைகளும் இதே வகை. முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டவர்களுக்கு அவை இறங்கும் விசில் சத்தமாகக் கேட்டன, பெயர் அங்கிருந்து வந்தது.) அலை எலக்ட்ரானின் திசையைக் கலைக்கிறது. நேராக ஓடியது காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலத் தொடங்கினால், கதிர்வீச்சாக அதிக ஆற்றலை இழக்கும்.

சரி, இதையே பிரேக்காக நம்பலாமா? இப்போதைக்கு முடியாது. அந்த அலைகள் தெரிந்தது அடர்த்தி குறைந்த, சூடான, அமைதியான பிளாஸ்மாவில். நிலைகுலைந்து குளிர்ந்த பிளாஸ்மாவில் துகள் மோதல்கள் அதிகம், அலை வளரும் முன்பே அடங்கிவிடக்கூடும். அதனால்தான் ஐடரில், நிலைகுலைவு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஹைட்ரஜனும் நியானும் உறைந்த கட்டிகளைச் சுட்டு, நுழையும் இடத்திலேயே சிதறடித்து, பிளாஸ்மாவுக்குள் தூவும் ஏற்பாட்டைச் செய்கிறார்கள்.