காலியான காலி வீதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மதுரைக்காரன். கொழும்புக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. கட்டுமான நிறுவனத்தில் வேலை, வெள்ளவத்தையில் அறை. வருகிற சித்திரைப் புத்தாண்டுக்கு அலுவலகம் ஐந்து நாள் மூடுகிறது. ஊருக்குப் போக டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. கூட வேலை பார்க்கும் வட இந்திய நண்பர்கள் பாங்காக் போகலாம் என்கிறார்கள். எங்கள் சைட் சூப்பர்வைசரோ, குருநாகலில் இருக்கும் தன் வீட்டுக்கு வா, 11ஆம் தேதி இரவு பஸ்ஸில் சேர்ந்து போகலாம் என்கிறார். அவர் வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் பத்துச் சொல். ஒருவேளை மரியாதைக்குக் கூப்பிடுகிறாரோ என்னவோ. போன வருடம் அறையிலேயே கிடந்து நொந்துபோனேன். நீங்களும் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்தானே, இந்த லீவை எப்படிக் கழிக்கிறீர்கள்?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் நொந்துபோனதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். என் முதல் சித்திரையும் அதே கதைதான். ஏப்ரல் 13 மாலை, சாப்பிட ஏதாவது வாங்கலாம் என்று இறங்கினேன். காலி வீதி பெயருக்கேற்றபடி இருப்பது வருடத்தில் இந்த இரண்டு நாள்தான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்தேன். புடவைக் கடை, நகைக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை, எல்லாம் ஷட்டர். பாண், அதாவது ரொட்டி கூட இல்லை. கடைசியில் ஒரு மருந்துக் கடையில் கிரீம் கிராக்கர் பிஸ்கட் கிடைத்தது. புத்தாண்டு விருந்து முடிந்தது.

கொழும்பில் உங்களோடு பஸ்ஸில் நசுங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு ஊர் வேறெங்கோ இருக்கிறது: மாத்தறை, யாழ்ப்பாணம், ஹட்டன். சித்திரைக்கு முன்னால் கோட்டை ரயில் நிலையமும் பஸ்டியன் மாவத்தை பஸ் நிலையமும் பிதுங்கி வழியும், அப்புறம் ஊர் அடங்கிவிடும். மற்ற நாளில் நாமும் அவர்களைப் போலவே பார்சல் சோறு சாப்பிடுகிறவர்கள். லீவு விட்டதும்தான் நமக்கு மட்டும் ஏறிப்போக பஸ் இல்லை என்று தெரிகிறது. போன வருடம் உங்களை வாட்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

பாங்காக் போனாலும் தப்ப முடியாது. அங்கேயும் அதே நாளில் புத்தாண்டு. சொங்க்ரான் என்பார்கள், நம் சங்கராந்திதான். தெருவில் நிற்க வைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றுவார்கள். நானும் இரண்டு வருடம் கோலாலம்பூருக்கு ஓடியவன்தான். இப்போது யோசித்தால் ஒரு மாலின் ஏசிக் குளிர்தான் ஞாபகம் வருகிறது.

மூன்றாவது வருடம் ஓடக் காசில்லை. 14ஆம் தேதி காலை கதவைத் தட்டினார் கீழ்வீட்டுச் சிங்கள அம்மா. கையில் துணி மூடிய தட்டு. சாய்சதுரமாக வெட்டிய பாற்சோறு, இரண்டு வாழைப்பழம், மஞ்சள் மஞ்சளாகக் கொக்கிஸ், கொண்டைக் கெவும். கொக்கிஸைக் கடித்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது நம் அச்சு முறுக்கு! இனிப்பு மட்டும்தான் இல்லை. கெவும், குடுமி வைத்த அதிரசம். நின்றபடியே தட்டைக் காலி செய்து, பளிச்சென்று கழுவி, மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். பிறகு யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கேட்டார்: "வெறுந்தட்டையோ குடுத்தனீங்கள்?" அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அந்தத் தட்டு சர்க்கரைப் பொங்கலோடுதான் கீழே இறங்குகிறது.

ஆகவே குருநாகலுக்குப் போங்கள். மரியாதைக்குக் கூப்பிடுகிறவர் எந்த நாள் எந்த பஸ் என்றெல்லாம் சொல்ல மாட்டார்.

அங்கே ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். சூரியன் மீனத்திலிருந்து மேஷத்துக்கு மாறுவதை ஒட்டி, முன்னும் பின்னுமாக மொத்தம் 12 மணி 48 நிமிடம் நொனகதய. தமிழர் கடைப்பிடிக்கும் புண்ணிய காலம் போன்றது. அதன் முதல் பாதியில் அடுப்பு அணைந்திருக்கும், யாரும் ஒரு வேலையும் தொட மாட்டார்கள். அந்த நேரத்தில் தேநீர் கேட்டு வைக்காதீர்கள்! பிறகு குறித்த சுப நேரத்தில், குறித்த திசை பார்த்து அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைப்பார்கள். பட்டாசுச் சத்தம் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பும். அந்த நிமிடத்துக்கு உங்கள் பத்துச் சொல் ஏராளம். 'சுப அலுத் அவுருத்தக் வேவா' என்ற புத்தாண்டு வாழ்த்தைப் பதினொன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுத்து வணங்குவது வழக்கம், ஒரு கட்டு வாங்கிப் போங்கள். மதுரைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருவேளை போகவில்லையென்றால், கோயிலில் மருத்துநீர் என்ற மூலிகை நீரை வாங்கி, தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை வைத்துத் தேய்த்துக் குளியுங்கள். நெல்லையில் நான் பார்க்காத வழக்கம் இது. எப்போது குளிப்பது என்று கேட்டால் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொன்று சொல்லும். நான் தூக்கம் கலைகிற நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். சாயங்காலம் மரைன் டிரைவ் பக்கம் போய், தண்டவாளத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்தபடி உட்காரலாம். அன்றைக்கு ஹாரன் சத்தமில்லாமல் அலைச் சத்தம் மட்டும் கேட்கும்.

எதுவானாலும் 11ஆம் தேதிக்குள் அறையில் அரிசி, பருப்பு, ஒரு பாக்கெட் கிரீம் கிராக்கர் வாங்கி வைத்துவிடுங்கள். 15ஆம் தேதி திரும்பி வந்தாலும் பாதிக் கடை திறந்திருக்காது.