தரை நகர்வதை அளப்பவரிடம் சில கேள்விகள்

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத நகர்வை எப்படி அளக்கிறீர்கள்?

பாறையில் பதித்த ஜிபிஎஸ் கருவி ஒரு வழி. ரேடார் செயற்கைக்கோள் இன்னொரு வழி: ஒரே நிலத்தை இருமுறை படமெடுத்து, திரும்பிவந்த அலைகளை ஒப்பிடுவோம். தரை நகர்ந்திருந்தால் படத்தில் வண்ண வளையங்கள் தோன்றும். 1992இல் கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் நிலநடுக்கத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இப்படித்தான் வரைந்து காட்டினார்கள். அதில் ஒரு வளையம் என்றால் 2.8 சென்டிமீட்டர் நகர்வு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன்.

கேள்வி: அப்படியானால் நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லலாமே?

முடியாது. நாள் குறித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். எங்கே இறுக்கம் சேர்கிறது என்பதை மட்டும் சொல்லலாம். இந்திய நிலத்தட்டு வடக்கே தள்ளுவதால், இமயமலை ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நெருக்கத்தைத் தாங்குகிறது. 2015இல் நேபாளத்தில் அது 7.8 அளவில் வெடித்தபோது காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. ஆனால் பிளவு தரைமட்டம்வரை கிழியவில்லை. தெற்கு விளிம்பில் எஞ்சியிருக்கும் இறுக்கம்தான் எங்கள் கவலை.

கேள்வி: கருவியே வைக்க முடியாத கோள்களை எப்படி ஆராய்வது?

நிலத்தின் சுருக்கங்களைப் படிப்போம். புதன் உள்ளே ஆற ஆறச் சுருங்கியது. மேலோடு மணத்தக்காளி வற்றலைப்போல மடிந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த செங்குத்துச் சரிவுகள் சில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்கின்றன. முதலில் போன மரைனர் 10 விண்கலம் பாதிக் கோளைக்கூடப் படமெடுக்கவில்லை. அதை வைத்து ஆரம் ஓரிரு கிலோமீட்டர் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். பின்னால் போன மெசஞ்சர் விண்கலம் கோள் முழுவதையும் காட்டிய பிறகு அது 7 கிலோமீட்டர்வரை போனது. பாதிப் படத்தைக் கொண்டு முடிவு கட்டக்கூடாது என்று மாணவர்களிடம் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை.

செவ்வாயில் கருவியே வைத்தார்கள். அங்கே தரையிறங்கிய இன்சைட் விண்கலம் 1,300க்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிந்தது. 2022 மே 4 அன்று வந்தது 4.7 அளவு. கடைசியில் சூரியத் தகடுகளில் படிந்த தூசிதான் அதை முடக்கியது.

கேள்வி: களப்பணி சாகசமாக இருக்குமா?

ஒருமுறை எங்கள் தரவில் திடீரென்று பெரிய நகர்வு தெரிந்தது. பதறியடித்துக்கொண்டு போனோம். கருவிக் கம்பத்தில் ஓர் எருமை நிம்மதியாக முதுகு சொறிந்துகொண்டிருந்தது.

கேள்வி: இயற்பியல் இளநிலை படிக்கிறேன். எங்கே தொடங்குவது?

கணிதத்தை விடாதீர்கள், பைத்தானில் நிரல் எழுதப் பழகுங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்கள் இலவசம். உங்கள் மடிக்கணினியே போதும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் என்ற இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வருகிறது. முதலில் நேபாளத்தின் 2015 வளையங்களை நீங்களே வரைந்து பாருங்கள். முதல் முயற்சியில் வெறும் புள்ளிக்கூட்டம்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.