யூனியன் டிஸெபிலிட்டி இன்சூரன்ஸ் இருக்கும்போது விமானிக்குத் தனியாக 'லாஸ் ஆஃப் லைசென்ஸ்' (மருத்துவத் தகுதி போய்ப் பறக்க முடியாமல் போனால் பணம் தரும்) பாலிசி எதற்கு?

கேட்டிருப்பவர் அமெரிக்காவில் ஒரு ரீஜனல் ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி), ஆல்பா என்ற விமானிகள் யூனியன் உறுப்பினர். வயது நாற்பதுக்குள், சிக் பேங்கில் (சேமித்துவைத்த சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு) பெரிதாக மணிநேரம் சேரவில்லை, சீக்கிரமே பெரிய ஏர்லைனுக்குப் போகும் எண்ணம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்த பாலிசியும் விற்கவில்லை. கமெண்ட்டில் 'ஏஜென்ட்' என்று ஆரம்பிக்க வேண்டாம்.

வாங்கலாம். ஆனால் தொகையைப் பார்த்து வாங்காதீர்கள். எந்த நிலைமையை 'டிஸெபிலிட்டி' என்று அந்த பாலிசி ஒப்புக்கொள்கிறது என்ற பத்தியை முதலில் படியுங்கள். சாதாரண குரூப் பாலிசிகள் பலவற்றில் முதல் 24 மாதம் 'உங்கள் வேலையைச் செய்ய முடியாவிட்டால்' பணம் வரும். அதற்குப் பிறகு 'எந்த வேலையும் செய்ய முடியாவிட்டால்' என்று மாறிவிடும். விமானிக்கு இங்கேதான் அடி விழும். காரணம் தெரியாமல் ஒரே ஒரு முறை மயங்கி விழுந்தாலே எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) தரும் மெடிக்கல், அதாவது பறக்கத் தேவையான மருத்துவச் சான்று, போய்விடும், ஆனால் ஆள் மேஜை வேலைக்குத் தாராளமாகத் தகுதி. அரசின் சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டி உதவியும் கைகொடுக்காது. எந்தக் கணிசமான வேலையும் செய்ய முடியாது, அதுவும் குறைந்தது 12 மாதம் என்றால்தான் அவர்கள் கணக்கில் டிஸெபிலிட்டி. யூனியன் பேரம் பேசி வாங்கிய பிளான்களில் 65 வயது வரை விமானி வேலையையே அளவுகோலாக வைத்திருப்பவை உண்டு. உங்களுடையது அப்படியா என்பது சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன் என்ற விதிமுறை ஆவணத்தில் இருக்கும். பெனிஃபிட்ஸ் துண்டுப் பிரசுரத்தில் இருக்காது.

அடுத்து, எந்த வகுப்பு மெடிக்கல் என்று பாருங்கள். இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் 60 வயதுக்குக் கீழே உள்ள ஃபர்ஸ்ட் ஆபீசருக்குச் சட்டப்படி இரண்டாம் வகுப்பே போதும். கம்பெனி முதல் வகுப்பு கேட்கலாம், அது வேறு. பாலிசி 'வேலைக்குச் சட்டம் கேட்கும் மெடிக்கல்' என்று எழுதியிருந்தால், முதல் வகுப்பு போய் இரண்டாம் வகுப்பு தங்கிய நிலையில் கிளெய்ம் இழுபறியாகும். 'முதல் வகுப்பு' என்று பச்சையாக எழுதியிருப்பதே நல்லது.

இதைவிடப் பெரிய பொறி எஃப்ஏஏ காகிதம். உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் எஃப்ஏஏவின் 61.53 விதிப்படி விமானி தானாகவே பறப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு யாரும் கடிதம் தரமாட்டார்கள். பரிசோதனைக்குப் போனாலும் ஏஎம்இ (எஃப்ஏஏ நியமித்த மருத்துவப் பரிசோதகர்) முடிவெடுக்காமல் 'டிஃபர்' செய்து எஃப்ஏஏவுக்கு அனுப்பிவிடலாம். அது மறுப்பு ஆகாது, மாதக்கணக்கில் தொங்கும். மறுப்புக் கடிதம் இருந்தால்தான் பணம் என்று பாலிசி சொன்னால், பணத்துக்காக மறுப்பைத் தேடிப் போகிற நிலை வரும். வாங்கிய மறுப்பு எங்கும் போகாது: 'எப்போதாவது மறுக்கப்பட்டதா' என்று ஒவ்வொரு மெடிக்கல் விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆகவே சொந்த டாக்டரும் ஏவியேஷன் டாக்டரும் சான்று கொடுத்தால் போதும் என்கிற பாலிசியாகப் பாருங்கள்.

வரிக்கு வருவோம். மாதச் சம்பளம் 12,000 டாலர், எல்டிடி (நீண்டகால டிஸெபிலிட்டி கவர்) 50 சதவீதம் என்றால் காகிதத்தில் 6,000. பிரீமியத்தைக் கம்பெனி கட்டினாலோ, வரிக்கு முன் பிடித்தாலோ அந்த 6,000-க்கும் வருமான வரி உண்டு. வரி கட்டிய பணத்திலிருந்து நீங்களே கட்டினால் வரி இல்லை. தேர்வு இருந்தால் இரண்டாவதை எடுங்கள்.

எல்டிடியில் 90 அல்லது 180 நாள் காத்திருப்பு சகஜம். சிக் பேங்க் காலியாக இருக்கும் ஜூனியருக்குக் கைப்பணம் கரைவது அந்த இடைவெளியில்தான். கிட்னி ஸ்டோன் மாதிரி ஒன்று சில மாதம் தரையில் உட்கார வைத்துவிட்டு, காத்திருப்பு முடிவதற்குள் சரியாகிவிடும். ஒரு காசு வராது. குறுகிய கால கவரைச் சேர்ப்பதானால் இதற்காகச் சேருங்கள். மொத்தத் தொகையை ஒரே தடவையில் தரும் லம்ப்சம் பாலிசிகள் பெரும்பாலும் 12 மாதம் போல நீண்ட காத்திருப்புக்குப் பிறகே தரும், வாடகைக்கு உதவாது.

ஏர்லைன் மாறும்போது குரூப் கவர் பின்னால் வராது. புதிய இடத்தில் 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று கிளெய்மை மறுக்கக்கூடிய காலக்கெடு முதலிலிருந்து ஓடும். டெல்டா, யுனைடெட் என்றால் ஆல்பாவிலேயே இருப்பீர்கள். அமெரிக்கன் போனால் யூனியன் ஏபிஏ, சவுத்வெஸ்ட் போனால் ஸ்வாபா. ஆல்பா உறுப்பினராக எடுத்த கவரைத் தொடர விடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏர்லைன் மாறினாலும் கூடவே வருவதுதான் தனி பாலிசிக்கு உண்மையான மதிப்பே.

சோஷியல் செக்யூரிட்டி பின்னால் கிடைத்தால், எல்டிடி கம்பெனி அதைக் கழித்துக்கொண்டு பழைய மாதங்களுக்கும் சேர்த்துத் திருப்பிக் கேட்கும். அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

கேட்காத விஷயம் ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனநலத்துக்கும் போதைப் பழக்கத்துக்கும் மட்டும் 24 மாதத்தோடு நிறுத்தும் நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது. 2010-இலிருந்து எஃப்ஏஏ சில டிப்ரெஷன் மருந்துகளோடு பறக்க வழி திறந்தது. ஆனால் அந்த வழி நீளம், வழியில் வருமானம் நிற்கும். பிறகு 'பைலட்கள் மறைக்கிறார்கள்' என்று கூச்சல் போடுவதில் என்ன நியாயம்? அதற்காக மறைக்கச் சொல்லவில்லை. மெடிக்கல் படிவத்தின் 18-ஆம் கேள்வியில் டிஸெபிலிட்டி பணம் வாங்குகிறீர்களா என்று தனியாகவே கேட்கிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான டிஸெபிலிட்டி பணம் வாங்கிக்கொண்டே அந்த நோயை எஃப்ஏஏவிடம் சொல்லாத விமானிகள் மீது நடந்த விசாரணை 2023-இல் வெளியே வந்தது. கிளெய்மில் எழுதுவதும் அந்தப் படிவத்தில் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி நாளுக்கு இவ்வளவு என்று தரும் துணை மெடிக்கல் பாலிசிகள் இரண்டாம் பட்சம். அவை ஹெச்எஸ்ஏ என்ற வரிச்சலுகை மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு இடைஞ்சல் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கம்பெனி எல்டிடி கிளெய்மை மறுத்தால் அப்பீலுக்கு 180 நாள் இருக்கும். முழு மருத்துவ ரெக்கார்டையும் அப்பீலோடு சேர்த்தே அனுப்புங்கள். பின்னால் கோர்ட்டுக்குப் போனால் பெரும்பாலும் அந்த ஃபைலைத் தாண்டிப் பார்க்கமாட்டார்கள். சந்தேகமான நோய் எதுவானாலும், ஏஎம்இயிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு முன் ஆல்பாவின் ஏரோமெடிக்கல் டாக்டர்களுக்கு போன் போடுங்கள். உறுப்பினர் என்றால் அது சந்தாவிலேயே அடக்கம்.